தம்பிக்கு மேடை வேண்டாம், வகுப்பு வேண்டும்

இசைப்பள்ளி நிர்வாகக் குழுவினருக்கு,

உங்கள் அலுவலகத்திலிருந்து ஐந்து வார இடைவெளியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டிலும் ஒரே கையெழுத்து. முதல் கடிதம் மூன்றே வரி: என் தம்பி "குழு வகுப்பின் ஒழுங்குக்கு ஒத்துவரக்கூடிய நிலையில் இல்லை", ஆகவே இந்த ஆண்டு இடம் தருவதற்கில்லை. இரண்டாம் கடிதம் முக்கால் பக்கம்: ஏப்ரல் 2, உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளன்று பள்ளிக்கூடத்தில் நடக்கவிருக்கும் விழாவில் "அதிசயச் சிறுவனின்" பத்து நிமிட வாசிப்பு இடம்பெற வேண்டும், அழைப்பிதழில் அச்சிட நல்ல படம் ஒன்றும் வேண்டும்.

மாணவனாக உள்ளே வர இடமில்லை. காட்சிக்கு வந்து போக இடமுண்டு. அம்மா இரண்டு கடிதங்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதில் எது முதலில் வந்தது?" என்று என்னிடம் கேட்டார். வரிசை மாறி வந்திருந்தாலாவது ஏதோ புரிந்திருக்கும் என்று நினைத்தார் போலிருக்கிறது.

உங்களுக்குத் தனிப்பட்ட முறையில் இரண்டு முறை எழுதினேன். பதில் இல்லை. தொலைபேசியில் பேசியபோது குழு உறுப்பினர் ஒருவர், "இசைச் சிகிச்சை தரும் இடம் எதற்காவது அழைத்துப் போங்களேன், அதுதான் அவனுக்கு நல்லது" என்றார். அதனால்தான் இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் உங்களுக்கு அயலாள் இல்லை. ஒன்பது ஆண்டுகள் உங்களிடம் பியானோ கற்றவள். முதல் மாடியில் எந்தக் கதவு காற்றுக்குத் தானாகச் சாத்திக்கொள்ளும் என்பதுகூட எனக்குத் தெரியும். அந்த ஒன்பது ஆண்டுகளில் ஏழு ஆண்டுகள், என் வகுப்பு முடியும்வரை தாழ்வாரத்து பெஞ்சில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தவன் என் தம்பி. உங்கள் பதிவேட்டில் அவன் பெயர் ஒருநாளும் ஏறவில்லை. ஆனால் உங்களிடம்தான் கற்றான். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லவேண்டும். உங்களைக் குறை சொல்லும் தகுதி எங்களுக்கு முழுதாக இல்லை. நீங்கள் அரைமணி நேரத்தில் செய்த தவறை நாங்கள் ஆறு ஆண்டுகள் செய்தோம்.

தம்பிக்கு இப்போது பதினொரு வயது. ஆட்டிசம் உண்டு, பேசுவதும் பழகுவதும் உலகை உணர்வதும் வேறுவிதமாக இருக்கும் நிலை. சொற்கள் குறைவு, ஒரு நாளில் பத்துச் சொல் பேசினால் அது பேச்சு மிகுந்த நாள். சின்ன வயதில் எந்நேரமும் முனகிக்கொண்டே இருப்பான். ஒரே நான்கு ஸ்வரம், ஒரு மணி நேரம். அதை நாங்கள் சத்தம் என்றுதான் சொன்னோம். "சத்தம் போடாதே" என்பதுதான் எங்கள் வீட்டில் அவனை நோக்கி அதிகம் சொல்லப்பட்ட வாக்கியம். அப்பா அந்த முனகலை மூழ்கடிக்கத் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவார். அவன் முனகலைக் கூட்டுவான். திரும்பத் திரும்பச் செய்யும் எதையும் ஊக்கப்படுத்தாதீர்கள் என்று அப்போது ஒரு பயிற்சியாளர் எங்களுக்குச் சொல்லியிருந்தார். கீபோர்டில் ஒரே கட்டையை அவன் நூறு முறை அழுத்துவது அந்தப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. கீபோர்டை அலமாரியின் உச்சியில் ஏற்றிவிட்டோம். பதினான்கு மாதம் அது அங்கேயே இருந்தது.

ஏற்றச் சொன்னது நான். எனக்குத் தேர்வு, பயிற்சி செய்ய விடமாட்டேன் என்கிறான் என்று அழுது அடம்பிடித்தேன். அவன் தூங்கிய பிறகு இறக்கி, ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசித்துவிட்டு மறுபடி ஏற்றிவைப்பேன். கீபோர்டுக்குப் பதிலாக அவனுக்கு வண்ண மரத்துண்டுகள் வாங்கித் தந்தார்கள். அவன் அவற்றை அடுக்கவே இல்லை. ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் தட்டிப் பார்த்தான். அதையும் பயிற்சியாளர் குறிப்பேட்டில் "பொருளைச் சரியான பயனுக்குக் கையாளத் தெரியவில்லை" என்று எழுதிக்கொண்டார்.

ஒருநாள் மாலை, மறுநாள் தேர்வு என்பதால், அவன் விழித்திருக்கும்போதே கீபோர்டை இறக்கினேன். வந்தான். அவன் எதையும் தன் விரலால் சுட்டிக்காட்ட மாட்டான். நம் கையைப் பிடித்துக்கொண்டு போய்க் காட்டுவான். அன்று என் ஆள்காட்டி விரலைப் பேனாவைப் பிடிப்பதுபோலப் பிடித்து, இடதுகைப் பக்கத்தில், கீழ் ஸ்தாயியில் ஒரு வெள்ளைக் கட்டைமேல் வைத்து அழுத்தினான். ஜி என்ற ஸ்வரம். முகம் சுளித்தான். அடுத்திருந்த கறுப்புக் கட்டைக்கு என் விரலை நகர்த்தினான். அதற்கும் சுளித்தான். மறுபடி வெள்ளை. மறுபடி கறுப்பு. பத்துப் பன்னிரண்டு முறை. வழக்கமான திரும்பத் திரும்ப என்று நினைத்துக் கையை இழுத்துக்கொள்ளப் போனேன். அப்போது சமையலறையில் குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார் நின்றது. அவன் என் விரலை விட்டுவிட்டு எழுந்து போய்விட்டான்.

அரைமணி நேரம் கழித்து மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கியது. அவன் மறுபடி வந்து என் விரலைப் பிடித்தான்.

இதைப் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 50 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு ஐம்பது அதிர்வு) மின்சாரத்தில் ஓடும் மோட்டாரின் உறுமல் பெரும்பாலும் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸில் கேட்கும். கீபோர்டில் அந்த ஜி 98. அடுத்த கறுப்புக் கட்டை கிட்டத்தட்ட 104. நூறு என்பது இரண்டுக்கும் நடுவில், வெள்ளைக் கட்டைக்குக் கொஞ்சம் அருகில் நிற்கிறது. அவன் தேடிய ஒலி அந்தக் கருவியில் இல்லை. இல்லை என்பதைத்தான் எனக்குக் காட்டிக்கொண்டிருந்தான். பல ஆண்டு இசைப் படிப்பு எனக்கு. ஆனால் அந்தக் குளிர்சாதனப் பெட்டிக்கு ஒரு சுருதி உண்டு என்பதே அன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று இரவு கீபோர்டு அலமாரிக்குத் திரும்பவில்லை.

அதன் பிறகு வீடு மாறியது, ஒரே நாளில் இல்லை, முணுமுணுப்போடு. இசை தெரியாத அப்பா, ஐம்பத்தோரு வயதில் ஸ்வரங்களின் பெயரைக் கற்றுக்கொண்டு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். எந்தப் பொருள் எந்தச் சுருதியில் ஒலிக்கிறது என்று தம்பி காட்டக் காட்ட எழுதிவைப்பார். மின்விசிறி மூன்றாம் வேகத்தில் ஒன்று, தண்ணீர் மோட்டார் ஒன்று, லிஃப்ட் மேலே போகும்போது ஒன்று, இறங்கும்போது வேறொன்று. நாற்பது வரிக்கு மேல் போய்விட்டது. தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிய அதே மனிதர் இப்போது வாசலிலேயே கைபேசியை அமைதியாக்கிவிட்டுத்தான் உள்ளே வருகிறார்.

அம்மா கண்டுபிடித்தது இதைவிடப் பெரியது. முனகல்கள் வெறும் முனகல்கள் இல்லை, பேச்சு. துணி துவைக்கும் எந்திரம் வேலை முடிந்ததும் ஒரு சின்ன மெட்டு இசைக்குமே, அந்த மெட்டை அவன் முனகினால் "முடிந்தது, எனக்குப் போதும்" என்று பொருள். குளிக்கப் பிடிக்கவில்லை என்றாலும் அதுதான். விருந்தாளி அதிக நேரம் உட்கார்ந்திருந்தாலும் அதுதான். வயிறு வலித்தால் முனகுவது வேறொரு மெட்டு. அது எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எங்களுக்குப் பிடிபடவில்லை. எத்தனை முறை அவன் "போதும்" என்று சொல்லி, நாங்கள் "சத்தம் போடாதே" என்று பதில் சொல்லியிருப்போம் என்று நினைத்துப் பார்க்க அம்மாவுக்குத் தைரியம் இல்லை. எனக்கும் இல்லை.

இப்போது உங்கள் தாழ்வாரத்துக்கு வருகிறேன்.

அவன் எட்டு வயதில் என் மூன்றாம் ஆண்டுப் பாடம் ஒன்றை வாசித்தான். இரண்டே விரலில், ஆனால் ஒரு ஸ்வரம் பிசகாமல். பெருமையாக இருந்தது. ஆனால் ஒன்பதாவது தாளக்கட்டில் நின்றுவிட்டான். இரண்டு கட்டு பின்னால் போய் மறுபடி தொடங்கினான். மறுபடி அங்கேயே நின்றான். மூன்றாவது முறைதான் தாண்டினான். ஒவ்வொரு நாளும் அப்படியே: ஒன்பதில் நிற்பான், ஏழிலிருந்து தொடங்குவான், மூன்றாம் முறை தாண்டுவான். அங்கே அவனுக்கு ஏதோ தடுமாற்றம் என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. அது என் தடுமாற்றம். அந்த இடத்தில்தான் என் ஆசிரியை என்னை நிறுத்தி, இரண்டு கட்டு பின்னாலிருந்து வாசிக்கச் சொல்வார். கதவுக்கு வெளியே இருந்தவனுக்குப் பாடல் அப்படித்தான் கேட்டது. பாடலே அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டான். என் பிழையும் ஆசிரியையின் திருத்தமும் அவனுக்கு மெட்டின் பகுதிகள்.

குழுவினரே, இந்த ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். இவ்வளவு கேட்கும் காது உள்ள ஒரு பிள்ளைக்கு, எது பாடல், எது பிழை என்று சொல்லித்தர ஆள் இல்லை. காது அவனுக்குத் தானாக வந்தது. மற்ற எதுவும் தானாக வராது. இன்றும் கட்டைவிரலை உள்ளே மடக்கிப் போடத் தெரியாது. இடதுகையைத் தனியாக விடத் தெரியாது. நடுவிலிருந்து தொடங்கச் சொன்னால் முடியாது, முதலிலிருந்துதான். கேட்ட சுருதியிலிருந்து அரை ஸ்வரம் மாற்றி வாசித்தால் அவனுக்கு அது வேறு பாடல், அல்லது கெட்டுப்போன பாடல். கண்ணில் நீர் வந்துவிடும். நான் சொல்லித்தரப் பார்த்தேன். எனக்கு வாசிக்கத் தெரியும், கற்பிக்கத் தெரியவில்லை. இரண்டும் வேறு வேறு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்காகத்தானே பள்ளி.

நேர்முகத் தேர்வு நாள். நானும் உடனிருந்தேன், அதனால் கேள்விப்பட்டதை எழுதவில்லை. இருபத்தைந்து நிமிடம் காத்திருந்தோம், நான்கு அறைகளின் பயிற்சிச் சத்தம் ஒன்றாக வந்து விழும் அந்தத் தாழ்வாரத்தில். உள்ளே போனதும், "உன் பெயர் என்ன?" என்று மூன்று முறை கேட்டார்கள். அவன் வீட்டிலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை, விண்ணப்பத்தில் எழுதியிருந்தோம். பிறகு ஒருவர் கூடத்துப் பியானோவில் ஒரு வரி வாசிக்க, இன்னொருவர் கீபோர்டில் அதையே சேர்த்து வாசித்துக் காட்டினார், அவன் எளிதாகப் பிடித்துக்கொள்ளட்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான். தம்பி முனகினான். துணி துவைக்கும் எந்திரத்தின் மெட்டு. மறுபடி சேர்த்து வாசித்தார்கள். மறுபடி அதே மெட்டு, கொஞ்சம் உரக்க. மூன்றாம் முறை முனகிவிட்டு, இரண்டு கைகளாலும் காதை மூடிக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டான்.

மூன்று முறை மரியாதையாகச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

"சத்தத்தையே தாங்க முடியாத பிள்ளைக்கு இசை எதற்கு அம்மா?" என்று அந்த அறையில் ஒருவர் கேட்டார். அன்று எனக்குப் பதில் வரவில்லை. இப்போது வருகிறது.

கூடத்துப் பியானோ சுருதி இறங்கிக் கிடப்பது உங்கள் மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும். எங்களுக்குள் அது பழைய நகைச்சுவை. மறுவாரம் என் சான்றிதழை வாங்க வந்தபோது கைபேசியில் அளந்து பார்த்தேன். நடு ஸ்தாயியின் ஏ ஸ்வரம் 436 ஹெர்ட்ஸில் நிற்கிறது. கீபோர்டு வழக்கமான 440இல் இருக்கிறது. நான்கு ஹெர்ட்ஸ் வேறுபாடு உள்ள இரண்டு ஒலிகள் சேர்ந்தால் ஒரு விநாடிக்கு நான்கு முறை எழுந்து விழும் ஓர் அதிர்வு கேட்கும். பல்வலிபோல விட்டு விட்டுத் துடிக்கும். நாங்கள் ஒன்பது ஆண்டுகளில் அதைக் கேட்காமல் இருக்கப் பழகிக்கொண்டோம். அவனால் முடியவில்லை. தனித்தனியாக வாசித்தபோது அவன் காதை மூடவில்லை, சேர்ந்தபோதுதான் மூடினான். இது மட்டுமே காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். தாழ்வாரமும் உண்டு, விளக்கின் கீச்சொலியும் உண்டு, முன்பின் தெரியாத மூன்று முகங்களும் உண்டு. ஒலி, ஒளி, தொடுதலை மிகையாகவோ குறைவாகவோ உணர்வது ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்று என்று 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பே சேர்த்திருக்கிறது. ஆனால் அந்த அறையில் இருந்தவர்களிலேயே சுருதி பிசகியதைத் தாங்க முடியாமல் போன ஒரே ஆளை, இசைக்குத் தகுதி இல்லாதவன் என்று எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. மனநல மருத்துவர் லியோ கேனர் 1943இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தைத் தனித்த ஒரு நிலையாக மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தியது. அதில் வரும் முதல் சிறுவன் ஒரு வயதிலேயே பல மெட்டுகளைப் பிசகாமல் முனகியவன் என்று கேனர் குறித்துவைத்திருக்கிறார். 1998இல் உளவியல் ஆய்வாளர் பமீலா ஹீட்டனும் அவருடன் பணியாற்றியவர்களும், இசைப் பயிற்சியே இல்லாத பிள்ளைகளிடம் ஸ்வரங்களை விலங்குப் படங்களோடு இணைத்து நினைவில் வைக்கச் சொன்னார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். எந்த ஒலியையும் ஒப்பிட வேறொன்றில்லாமல் இன்ன ஸ்வரம் என்று சொல்லும் திறன் பத்தாயிரத்தில் ஒருவருக்கு என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஆட்டிசம் உள்ளவர்களிடம் அது அதைவிடக் கூடுதலாகக் காணப்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. இதையெல்லாம் அவன் அதிசயம் என்று நிறுவுவதற்காக எழுதவில்லை. அதிசயம் இல்லை என்பதற்காகத்தான் எழுதுகிறேன். ஆட்டிசம் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் இசை வராது. வரவேண்டிய கட்டாயமும் இல்லை. "உங்கள் பிள்ளைக்கு என்ன தனித்திறமை?" என்று கேட்பவர்களிடம் ஒன்றும் இல்லை என்று சொல்லிக் கூனிக்குறுகும் தாய்மாரை எனக்குத் தெரியும். உங்கள் விழா அழைப்பிதழ் அவர்களுக்கும் போகும்.

"சிகிச்சை" என்ற சொல்லுக்கு வருகிறேன். இசைச் சிகிச்சையின்மீது எனக்குப் பகை இல்லை. ஒன்பது நாடுகளில் நான்கு முதல் ஏழு வயதுக்குட்பட்ட 364 பிள்ளைகளை வைத்து நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2017இல் வெளிவந்தது. ஐந்து மாத இசைச் சிகிச்சைக்குப் பிறகும் ஆட்டிசத்தின் குறிகள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்றது. 2022இல் 26 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த மதிப்பீடு அதைவிட நம்பிக்கையாகப் பேசியது. ஆராய்ச்சியாளர்கள் வாதாடிக்கொள்ளட்டும். என் கேள்வி வேறு. என்னை நீங்கள் சேர்த்துக்கொண்டபோது, பியானோ கற்றால் இவளுடைய கோபம் குறையுமா என்று யாரும் கேட்கவில்லை. ஒன்பது ஆண்டுகளில் அது குறையவும் இல்லை, வீட்டில் கேட்டுப் பாருங்கள். எனக்கு இசை இசையாக இருக்கலாம், அவனுக்கு மட்டும் ஏன் மருந்தாக இருக்கவேண்டும்?

மேடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "பிளைண்ட் டாம்" என்று உலகம் அழைத்த டாம் விக்கின்ஸ் 1849இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர், பார்வை இல்லாதவர், அவருக்கு ஆட்டிசம் இருந்திருக்கலாம் என்று பிற்காலத்தில் பலர் கருதுகிறார்கள். ஒருமுறை கேட்டதைத் திரும்ப வாசிப்பார் என்று விளம்பரம் செய்து, சிறுவயதிலிருந்தே ஊர் ஊராக மேடையேற்றினார்கள். 1860இல் வெள்ளை மாளிகையிலும் வாசித்தார். பணம் அவரை உடைமையாக வைத்திருந்த குடும்பத்துக்குப் போனது. அடிமைமுறை ஒழிந்த பிறகும் அப்படித்தான். 1908இல் இறந்தார். இன்னொருவர் பிரிட்டனின் டெரெக் பரவிசினி. 1979இல் குறைமாதத்தில் பிறந்தவர், அவருக்கும் பார்வை இல்லை, ஆட்டிசம் உண்டு. சின்னப் பிள்ளையாக இருந்தபோது பியானோவை விரலால் மட்டுமல்ல, முஷ்டியாலும் முழங்கையாலும் வாசித்தார். அவரைப் பார்த்த ஆடம் ஆக்கல்ஃபோர்ட் என்ற ஆசிரியர், ஒழுங்குக்கு ஒத்துவரமாட்டான் என்று கடிதம் எழுதவில்லை. வாரம் ஒருமுறை, பிறகு நாள்தோறும் என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். விரல் எங்கே வைப்பது என்பதிலிருந்து தொடங்கி, ஆண்டுக்கணக்கில். டெரெக் பிற்காலத்தில் ஏறிய மேடைகள் எல்லாம் அந்தப் பாடங்களுக்குப் பிறகு வந்தவை.

உங்களை அந்த முதல் கூட்டத்தோடு நான் ஒப்பிடவில்லை. உங்களுக்கு அந்த எண்ணம் இல்லை என்று தெரியும். ஆனால் பாடம் தராமல் மேடை மட்டும் தருவது எந்தப் பக்கம் சேரும் என்று நீங்களே பாருங்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக ஐக்கிய நாடுகள் அவை 2006இல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு, அவர்கள் தங்கள் படைப்பாற்றலையும் கலைத்திறனையும் வளர்த்துக்கொள்ளவும் பயன்படுத்தவும் வாய்ப்பு இருக்கவேண்டும் என்கிறது. முதலில் வளர்த்துக்கொள்ளவும், பிறகுதான் பயன்படுத்தவும். நீங்கள் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள்.

ஒத்துவரமாட்டான் என்பதற்கும் கொஞ்சம் பதில் இருக்கிறது. முப்பது பேர் கத்தும் அறையில் நாற்பத்தைந்து நிமிடம் அவனால் உட்கார முடியாது. உண்மை. ஆனால் வீட்டில் கீபோர்டின் முன் அசையாமல் ஒன்றரை மணி நேரம் உட்காருகிறான். எழுப்புவதுதான் எங்கள் பாடு. அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே நான்கு படங்களாக வரைந்து காட்டினால், பல் மருத்துவரிடம்கூட வாய் திறக்கிறான். தொடாமல், உரக்கப் பேசாமல், ஒரு நேரத்தில் ஒரு செய்தி மட்டும் சொன்னால் போதும். இதற்குத் தனிப் பட்டமோ கருவியோ தேவையில்லை. அப்பாவால் முடிந்திருக்கிறது என்றால் யாராலும் முடியும். அவரைத் தெரிந்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

இனி நான் கேட்பவை.

நேர்முகத் தேர்வை மறுபடி நடத்துங்கள். மாலை வகுப்புகள் முடிந்து தாழ்வாரம் அடங்கிய பிறகு, ஒரே ஒரு கருவியோடு, ஒரே ஓர் ஆசிரியரோடு. பெயரைக் கேட்கவேண்டாம், பெயர் விண்ணப்பத்தில் இருக்கிறது. ஒரு வரி வாசித்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு காத்திருங்கள். ஒரு நிமிடம் ஆகலாம், நான்கு நிமிடமும் ஆகலாம். அவன் துணி துவைக்கும் எந்திரத்தின் மெட்டை முனகினால் அன்றைக்கு முடித்துக்கொள்ளலாம், மீதியை மறுநாள் பார்க்கலாம். மெட்டை ஒலிப்பதிவு செய்து இதனுடன் அனுப்புகிறேன். வாசல் காவலர் உட்பட எல்லோரும் ஒருமுறை கேட்டுவையுங்கள்.

அதில் தேறினால், குழு வகுப்புக்குப் பதிலாக வாரம் இருமுறை இருபது நிமிடத் தனிப்பாடம் தாருங்கள். மூன்று மாதம் பார்ப்போம். அம்மாவோ நானோ அறையில் இருப்போம், பேசமாட்டோம். கட்டணம் மற்ற தனிப்பாட மாணவர்களுக்கு என்னவோ அதுவே, சலுகை கேட்கவில்லை. ஆண்டுத் தேர்வில் வாய்மொழிக் கேள்விகளுக்குப் பதிலாகச் சுட்டிக்காட்டியோ வாசித்துக் காட்டியோ விடை தர அனுமதியுங்கள்.

சேர்க்கை விதிகளில் இருக்கும் "வகுப்பின் ஒழுங்குக்கு ஒத்துவரக்கூடிய" என்ற சொற்களை எடுத்துவிடுங்கள். யாரையாவது மறுத்தால் எதற்காக மறுக்கிறீர்கள், என்ன மாற்றம் செய்து பார்த்தீர்கள் என்று எழுதித் தாருங்கள். தம்பிக்குப் பிறகு அந்தப் பெஞ்சில் வேறு பிள்ளைகள் உட்காருவார்கள். எனக்குத் தெரிந்தே இருவர் இருக்கிறார்கள்.

ஏப்ரல் 2 விழாவுக்கு அவன் வரமாட்டான். படம் அனுப்பமாட்டோம். அறிவிப்புப் பலகையில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் தாளிலிருந்து "அதிசயச் சிறுவன்" என்ற வரியை இந்த வாரத்துக்குள் நீக்கிவிடுங்கள். உங்களிடம் ஓராண்டு கற்று, உங்கள் ஆசிரியர் அவன் தயார் என்று சொன்னால், மாணவர்களின் ஆண்டு நிகழ்ச்சியில் அவன் முறை வரும்போது வாசிக்கட்டும். நிரலில் பெயர், வாசிக்கும் பாடல், படிக்கும் ஆண்டு. மற்ற பிள்ளைகளுக்குப் போடுவது மட்டும். அடைமொழி வேண்டாம்.

சேர்க்கை முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் பதிலை எழுத்தில் அனுப்புங்கள்; தொலைபேசி வேண்டாம். மறுப்பதாக இருந்தாலும் இந்த முறை மூன்று வரிக்கு மேல் எழுதுங்கள்.

கடைசியாக, கூடத்துப் பியானோவுக்குச் சுருதி சேர்க்க ஆளை அழையுங்கள். இதை அவனுக்காக மட்டும் கேட்கவில்லை, அதில் கற்கும் எல்லாப் பிள்ளைகளுக்காகவும்தான். ஆள் வரும் நாளை முன்கூட்டிச் சொன்னால் தம்பியை அழைத்துவருகிறேன். வேலை சரியாக முடிந்ததா என்று அவன் சொல்வான்.

இப்படிக்கு,
ஒன்பது ஆண்டுகள் உங்கள் மாணவியாக இருந்த,
அவன் அக்கா